சட்டை அவங்களுது... மைதானம் நம்மளுது!

பி.காம். படித்தவனுக்கு ஊரில் இரண்டு வேலைகள் நிரந்தரம். ஒன்று, கோயில் திருவிழாவுக்கு வரவு-செலவுக் கணக்கு எழுதுவது. இன்னொன்று, யாராவது ‘அக்ரிமென்ட்’ என்று ஒரு காகிதத்தை நீட்டினால், படித்து அர்த்தம் சொல்வது. வக்கீல் என்றால் ஃபீஸ் கேட்பார். எனக்கு ஒரு டீ போதும். சர்க்கரை கம்மியாக!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வில்லியனூர் பக்கத்தில் எங்கள் கிராமத்து டீக்கடை. பேப்பரைப் பிரித்து ராசிபலன் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. பைக்கில் மூன்று பேராக வந்து இறங்கினார்கள் நம்ம ஊர் ஃபுட்பால் டீம் பையன்கள்.

“அண்ணே! நம்ம டீமுக்குப் பார்ட்னர் கெடச்சுட்டாருண்ணே!”

சொன்னவன் கோல்கீப்பர். வார நாட்களில் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பாய்ந்து பாய்ந்து பந்து பிடிப்பான். (திங்கட்கிழமை நொண்டி நொண்டி வேலைக்குப் போவான் என்பது வேறு விஷயம்.)

“யாருப்பா அந்தப் புண்ணியவான்?”

“பிளாட் போட்டு விக்கிறாரே, அவருதாண்ணே. மான்செஸ்டர் சிட்டி அமெரிக்காவுல போயி ஒரு டீம் ஆரம்பிச்சாங்கல்ல... அதுமாதிரி நம்ம டீமை அவரு டெவலப் பண்றாராம்!”

காகிதத்தை வாங்கிப் படித்தேன். மொத்தம் இரண்டே பக்கம். முதல் பக்கம் மைசூர்பாகு. 22 பேருக்கு ஜெர்ஸி, ஷூ, வருஷத்துக்கு ஒரு டோர்னமென்ட், ஜெயித்தால் பிரியாணி! இரண்டாம் பக்கத்தில்தான் கடுக்காய். டீமின் பெயரை எடுத்துவிட்டு அவருடைய மனைப்பிரிவின் பெயரை வைக்க வேண்டும். மைதானத்தின் ‘பராமரிப்பும் பெயர்ப்பலகையும்’ பத்து வருஷத்துக்கு அவர் பொறுப்பு.

மைதானம் ஊர்ப் பொது இடம். அப்பா காலத்தில் அங்கே நெல் காய வைத்தார்கள். என் காலத்தில் கபடி. இப்போது ஃபுட்பால்.

“கையெழுத்துப் போடலாமாண்ணே?”

“போடலாம். முதல்ல ஆளுக்கு ஒரு வடை சொல்லு. அந்த அமெரிக்கக் கதையை முழுசா கேட்டுட்டுப் போடு” என்றேன்.

அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். வடை மட்டும் உங்கள் செலவு!

லண்டன் கழுகு, பால்டிமோர் குஞ்சு

இங்கிலாந்து கிளப் ஒன்று அமெரிக்காவில் புது டீமுடன் கைகோத்த கதை, மான்செஸ்டர் சிட்டிக்கு முன்னாலேயே உண்டு. லண்டனில் கிரிஸ்டல் பாலஸ் என்று ஒரு பழைய கிளப். சின்னம் கழுகு. பாரம்பரியம் இருக்கிறது, ஆனால் பெரிய கிளப்புகள் மாதிரி கஜானா கிடையாது. 2006-ல் அவர்கள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஒரு புது டீமுக்குப் பெயர் கொடுத்தார்கள். கிரிஸ்டல் பாலஸ் பால்டிமோர்!

2007-ல் களத்தில் இறங்கியது. குஞ்சு மோசமில்லை, ஸார்! 2008-ல் அமெரிக்க ஓப்பன் கோப்பையில், மேல் டிவிஷனில் ஆடும் நியூயார்க் ரெட் புல்ஸ் அணியையே மண்ணைக் கவ்வ வைத்துவிட்டுக் காலிறுதி வரை போனது.

அப்புறம்? 2010 ஜனவரியில் லண்டன் கிளப் கடனில் மூழ்கியது. நம்மூரில் கடன்காரர்களுக்காக ஒரு ரிஸீவர் வந்து உட்காருவாரே, அந்த மாதிரி நிலைமை. அதே வருஷக் கடைசியில் பால்டிமோர் டீம் ‘கொஞ்சம் இடைவெளி விடுகிறோம்’ என்று அறிவித்தது. விட்டது விட்டதுதான். திரும்பி வரவேயில்லை.

லண்டன் கழுகு மட்டும் சமாளித்து எழுந்துவிட்டது. 2025 மே மாதம் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் மான்செஸ்டர் சிட்டியையே ஒன்றுக்கு பூஜ்யம் என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. அது கொண்டாட்டம் போட்ட நாளில், பால்டிமோரில் அந்தப் பெயரில் ஒரு டீம் இல்லை.

“அது சின்ன கிளப்புண்ணே. நான் சொன்னது மான்செஸ்டர் சிட்டி!” என்றான் கோல்கீப்பர். விடமாட்டான். பந்தைத்தான் விடுவான்.

மாப்பிள்ளை வராத கல்யாணம்

சரி, மான்செஸ்டர் சிட்டிக்கே வருவோம். 2013 மே மாதம் அவர்கள் அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்பால் கிளப்பான நியூயார்க் யாங்கீஸைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு ‘நியூயார்க் சிட்டி’ என்ற புது டீமை அறிவித்தார்கள். பணத்துக்குப் பஞ்சமில்லை. 2015-ல் யாங்கீஸின் பேஸ்பால் மைதானத்திலேயே ஆட்டம் தொடங்கியது.

அதற்கு முன்னால் 2014-ல் ஒரு தடபுடல் அறிவிப்பு வந்தது. இங்கிலாந்தின் பெரிய ஸ்டார் ஃபிராங்க் லாம்பார்ட் நியூயார்க் சிட்டிக்கு ஆடப்போகிறார்! அமெரிக்க ரசிகர்கள் அவரை நம்பி ஸீஸன் டிக்கெட் வாங்கினார்கள். சீஸன் தொடங்கும் வரை சும்மா இருப்பானேன் என்று லாம்பார்ட் மான்செஸ்டர் சிட்டியில் ஆடப் போனார். நன்றாக ஆடித் தொலைத்தார். ‘பையன் இங்கேயே இருக்கட்டும்’ என்று மான்செஸ்டர்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

2015 மார்ச்சில் நியூயார்க்கில் மேளம் கொட்டியாச்சு. பந்தி விரிச்சாச்சு. மாப்பிள்ளையைக் காணோம்! இங்கிலாந்து சீஸன் முடிந்த பிறகுதான் அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். டிக்கெட் வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள்.

அந்த டீம் பிழைத்துக்கொண்டது. 2021-ல் அமெரிக்க லீக் கோப்பையையே வென்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு விஷயம் அந்த ஆறு மாதத்தில் தெரிந்துபோனது. இரண்டு டீமுக்கும் ஒரே ஆள் தேவைப்பட்டால், முடிவு செய்வது பெரிய வீடுதான். சின்ன வீட்டுக்குக் கடிதம் வரும்.

வாடகைப் பெயர்

“நம்ம நாட்டுல இதெல்லாம் நடக்குமாண்ணே?” என்றான் இன்னொருவன்.

நடந்தது, ஸார்! 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது கொல்கத்தாவில் ஸ்பெயின் நாட்டு அத்லெட்டிகோ மாட்ரிட் பங்குதாரராக வந்தது. டீமின் பெயரே ‘அத்லெட்டிகோ டி கொல்கத்தா’. சட்டையில் மாட்ரிட்டின் சிவப்பு-வெள்ளைக் கோடுகள். முதல் வருஷமே சாம்பியன். 2016-ல் மறுபடியும் சாம்பியன். 2017-ல் மாட்ரிட் விலகியது. ‘அத்லெட்டிகோ’வும் கூடவே போக, மிச்சம் நின்றது மூன்று எழுத்து: ஏ.டி.கே.

2020-ல் அந்த ஏ.டி.கே., மோகன் பகான் கிளப்போடு இணைந்தது. மோகன் பகான் யார்? 1889-ல் பிறந்த கிளப். 1911-ல் வெள்ளைக்காரப் பட்டாள டீமைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கியவர்கள். அவர்கள் பெயருக்கு முன்னால் ‘ஏ.டி.கே.’ ஒட்டிக்கொண்டதை ரசிகர்கள் பொறுக்கவில்லை. ‘எடு அந்த மூன்றெழுத்தை’ என்று மூன்று வருஷம் மல்லுக்கு நின்றார்கள். 2023-ல் எடுத்தார்கள்! இன்றைக்கு இருப்பது மோகன் பகான் என்ற பெயர். (பின்னால் ‘சூப்பர் ஜயன்ட்’ என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது. அது அடுத்த சண்டை.)

மும்பை கதை இன்னும் புதுசு. 2019 நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் தாய் நிறுவனமான சிட்டி ஃபுட்பால் குரூப், மும்பை சிட்டியில் 65 சதவிகிதப் பங்கை வாங்கியது. உதவாமல் இல்லை. 2020-21 சீசனில் லீகிலும் முதலிடம், ஃபைனலிலும் வெற்றி. 2022-ல் ஆசிய சாம்பியன்ஸ் லீகில் ஒரு மேட்ச் ஜெயித்த முதல் இந்திய கிளப் என்ற பெயரும் வாங்கினார்கள். பிறகு இந்தியன் சூப்பர் லீகே நடக்குமா நடக்காதா என்று இழுபறி வந்தபோது, 2025 டிசம்பரில் மான்செஸ்டர்காரர்கள் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. லாபம் இல்லாத இடத்தில் கடையைக் கட்டுவது வியாபாரம். பி.காம். முதல் வருஷப் பாடம் அது. ஆனால் கடையைக் கட்டும்போது ஊரைக் கட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. ஊர்க்காரன் அங்கேயேதான் இருக்கவேண்டும்.

கோயம்புத்தூரில் ஒரு மார்ச் மாதம்

இப்போது நம்ம வீட்டுக் கதை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும்.

1946-ல் சென்னையில் தொடங்கிய நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்தான் பிற்காலத்தில் ‘சென்னை சிட்டி’ ஆனது. 2017-ல் ஐ-லீக்குக்குள் வந்தது. அப்புறம் சொந்த மைதானமாகக் கோவை நேரு ஸ்டேடியத்தைப் பிடித்துக்கொண்டது. பெயர் சென்னை, குடித்தனம் கோயம்புத்தூர்!

2019 தொடக்கத்தில் சுவிட்ஸர்லாந்தின் எஃப்.ஸி. பாசல் இந்த டீமில் 26 சதவிகிதப் பங்கு வாங்கியது. பாசல் சாதாரண கிளப் இல்லை. 1893-ல் பிறந்தது. சின்னப் பையன்களைத் தேற்றிப் பெரிய கிளப்புகளுக்கு அனுப்புவதில் கில்லாடி. ராக்கிடிச், ஷாகிரி, ஜாக்கா எல்லாம் அங்கே வளர்ந்த பிள்ளைகள். எகிப்திலிருந்து வந்த முகமது சலா ஐரோப்பாவில் முதலில் கால் வைத்ததும் பாசலில்தான்.

2019 மார்ச் 9. சீசனின் கடைசி நாள். சென்னை சிட்டி கோவையில் மினர்வா பஞ்சாபோடு மோதுகிறது. ஜெயித்தால் கோப்பை. சறுக்கினால், கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். ஆரம்பத்திலேயே பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. ஸ்டேடியமே கப்சிப்!

இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். அந்த சீசனில் மட்டும் 21 கோல் போட்ட மனுஷன். அப்புறம் கௌரவ் போரா. ஸ்டிரைக்கர் இல்லை, தடுப்பாட்டக்காரர்! அவர் அடுத்தடுத்து இரண்டு கோல். மூன்றுக்கு ஒன்று. அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. 43-க்கு 42. ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசத்தில், ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு டீம் ஆனது சென்னை சிட்டி.

கோப்பை வந்தது. வெளிநாட்டுப் பார்ட்னரும் கையில். இனிமேல் என்ன கவலை என்றுதான் நாமெல்லாம் நினைத்தோம்.

2020 ஜனவரியில் மான்ஸி ஜப்பான் கிளப்புக்குப் போய்விட்டார். மார்ச்சில் கொரோனா. பாதியில் நின்றது லீக். அடுத்த சீசனை மொத்தமாக மேற்கு வங்கத்திலேயே நடத்தினார்கள். கோவை ஸ்டேடியம் சும்மா கிடந்தது. 2021 டிசம்பரில் அதற்கடுத்த ஐ-லீக் தொடங்கியபோது டீம் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. கோப்பையைத் தூக்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

முட்டுக்கட்டை கணக்கு

“அண்ணே, அதென்னா 26? ஒரு ரவுண்டா 25-ன்னு வாங்கக்கூடாதா?”

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நான் படித்த பி.காம். பயன்படும் நாள் வருஷத்துக்கு ஒன்றுதானே வருகிறது!

கம்பெனிச் சட்டப்படி பெரிய முடிவுகளுக்கு ‘சிறப்புத் தீர்மானம்’ வேண்டும். ஓட்டுப் போடுகிறவர்களில் முக்கால்வாசி ஆதரவு இருந்தால்தான் அது நிறைவேறும். கம்பெனிப் பெயரை மாற்றுவதா, விதிகளைத் திருத்துவதா, எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஒருவர் கையில் 25-க்கு மேல் இருந்தால்? மற்ற எல்லோரும் சேர்ந்து கை தூக்கினாலும் முக்கால் வராது! அதனால்தான் நம் நாட்டு வியாபாரத்தில் 26 என்ற எண்ணுக்கு இவ்வளவு மவுசு. 26 வைத்திருப்பவர் வண்டியை ஓட்ட முடியாது. ஆனால் நிறுத்த முடியும்.

பையன்கள் முழித்தார்கள். பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவருக்குப் புரிந்துவிட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்தவர். ஊரில் அவரை ‘சொல்தா’ என்றுதான் கூப்பிடுவோம்.

“டேய், நம்ம வில்லியனூர் தேரைப் பார்த்திருக்கியா? பிரெஞ்சுக்கார கவர்னரு காலத்துலேருந்து கவர்னர்தான் வந்து வடம் புடிச்சு ஆரம்பிச்சு வைக்கிறது வழக்கம். இன்னிக்கும் அப்படித்தான். அவரு தொட்டுட்டுக் கார்ல ஏறிடுவாரு. அப்புறம் நாலு வீதியும் இழுக்கறது யாரு? ஊருதான். அதுலயும் முக்கியமான ஆளு யாரு தெரியுமா? சக்கரத்துக்கிட்ட குனிஞ்சுகிட்டே முட்டுக்கட்டை போடறானே, அவன்! அவன் இல்லேன்னா தேரு எவன் வீட்டுத் திண்ணையில ஏறும்னு தெரியாது.”

நான் ஐந்து செமஸ்டரில் படித்ததைப் பெரியவர் அரை டீயில் சொல்லிவிட்டார்.

கவர்னர் வரட்டும். வடம் பிடிக்கட்டும். மாலை போடுவோம். ஆனால் முட்டுக்கட்டை ஊர்க்காரன் கையில் இருக்கவேண்டும். 65 சதவிகிதம் கொடுத்தால் அதுவும் போச்சு. எங்கள் பையன்கள் கொண்டுவந்த காகிதத்தில் பெயரும் போகிறது, மைதானமும் போகிறது. அது 65-கூட இல்லை. முழுசாக நூறு!

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

“அப்ப வெளியாளு காசு இல்லாம டீமை எப்படிண்ணே நடத்தறது?”

நியாயமான கேள்வி. பதில் ரொம்பத் தூரத்தில் இல்லை. பாகூர் கொம்யூனைத் தாண்டி, தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்தால் கடலூர். அங்கே வருஷக்கணக்காகப் பெண்பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் பந்து உதைக்கிறார்கள். சுனாமியில் வீட்டுப் பெரியவர்களை இழந்த பெண்களும் அதில் உண்டு. பாசலும் வரவில்லை, மாட்ரிட்டும் வரவில்லை. ஒரு மைதானம், விடாப்பிடியான பயிற்சி. இவ்வளவுதான் மூலதனம்.

2018-ல் தேசிய சீனியர் மகளிர் கால்பந்து ஃபைனலில் தமிழ்நாடு, மணிப்பூரை இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்து முதல்முறையாக சாம்பியன் ஆனது. மணிப்பூர் என்றால் அந்தப் போட்டியில் அசைக்க முடியாத ராணி! அந்த டீமில் முன்னால் நின்றவர் கடலூர் இந்துமதி கதிரேசன். இந்தியாவுக்காகவும் ஆடியவர்.

வெளிநாட்டுப் பார்ட்னரே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாசலின் பயிற்சி முறை கடலூருக்கு வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் திரும்பிப் போன மறுநாள் காலையில் மைதானம் இருக்கிறதா, பிள்ளைகள் இருக்கிறார்களா, பெயர் இருக்கிறதா? ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இந்த மூன்றைத்தான் தேடவேண்டும்.

கடைசியில் என்ன ஆச்சு?

பேனாவை எடுத்தேன். பெயர் மாற்றம் என்ற வரியை அடித்தேன். மைதானம் என்ற வரியை இரண்டு தடவை அடித்தேன். “ஊர்ப் பொது இடத்தை எழுதிக் கொடுக்க நீ யாரு, நான் யாரு? நாளைக்கு ‘இளைஞர்கள் சம்மதம்’னு இந்தக் கையெழுத்தைத்தான் காட்டுவாங்க” என்றேன். ஓரத்தில் ஒன்று எழுதினேன். ‘ஒரு வருஷத்துக்கு மட்டும், ஜெர்ஸியின் முதுகில் தங்கள் விளம்பரம் இருக்கலாம்.’

பையன்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். “யோசிச்சுச் சொல்றேன் தம்பி” என்றாராம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது சேதராப்பட்டிலும் புதுச்சேரி ஆபீஸ்களிலும் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன்கள் 31 பேர், ஒன்றாம் தேதி ஆளுக்கு நூறு ரூபாய் போடுகிறார்கள். வங்கியில் கணக்கு தொடங்கியாச்சு. கணக்குப்பிள்ளை யார் என்று நான் சொல்லவேண்டுமா? பிரியாணி கிடையாது. ஜெயித்தால் சுண்டல்.

மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே திரட்டித் திருப்பூரில் ஜெர்ஸி தைத்து வந்துவிட்டது. நெஞ்சில் ஊர்ப் பெயர் மட்டும். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். தொப்பைக்கு ஏற்ற சைஸ்!

பிரித்துப் பார்த்தேன். முதுகில் நம்பர் 26.

“என்னப்பா இது?”

கோல்கீப்பர் சிரித்தான். “முட்டுக்கட்டைண்ணே!”